நாளைய மணியை இன்றே அடிப்பது

தம்பி அன்வர், தம்பி தேசப்பன்,

நான் இறால் கொட்டகை வேலையை விட்டுக் கிளம்பிய அன்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தோணி ஏறிவிட்டேன். கோபம் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது என்பது பழவேற்காட்டுக் கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நீங்கள் இருவரும் நாம் மணியாகத் தட்டுகிற தண்டவாளத் துண்டின் கீழே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அன்வர் கையில் பர்மா பஜாரில் வாங்கிய புது வாட்ச். முள் கிடையாது, எண்தான் தெரியும். வைத்த நேரத்துக்குக் குருவி மாதிரி கத்தும். தேசப்பன் கையில் மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர்.

"எட்டு மணின்னு வச்சா எட்டு மணிக்குக் கத்தும்டா. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"அது கத்தும். எறாவுக்குக் காது கேக்குமா? இதுல திதி போட்டுக்கிறான் பாரு. திதி தெரிஞ்சாத்தான் தண்ணி தெரியும்."

"அண்ணே, நீயே சொல்லு. வேலைக்கு எதை வச்சிக்கலாம்?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை எழுதி, கொட்டகை வேலைக்கு வரும் தனத்தின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் சண்டை புதிதில்லை, வாட்ச் மட்டும்தான் புதிது. இந்தக் கொட்டகை கீற்றுக் கூரையோடு இருந்த எழுபதுகளிலேயே இதே சண்டை நடந்தது. அதில் எதிர்த் தீவான பசியாவரத்துப் பெண்கள் அத்தனை பேருடைய வேலையும் போகப் பார்த்தது.

அப்போது இறால் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்திருந்த புதிது. பசியாவரத்திலிருந்து பெண்கள் தோணியில் வருவார்கள். இறாலின் தலையைக் கிள்ளி, ஐஸ் போட்டு, பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டி லாரியில் மதராசுக்குப் போகும். வேலை அவ்வளவுதான். ஆனால் இறாலுக்குப் பொறுமை கிடையாது. படகிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் தலை கறுத்துவிடும். கறுத்ததை மதராசில் எடுக்க மாட்டார்கள். படகு வருகிற நேரத்துக்குப் பெண்கள் மேடையில் இருக்க வேண்டும். அவர்களைக் கூப்பிடத்தான் தண்டவாளத் துண்டு, அதைத் தட்டத்தான் நான். தட்டினால் சத்தம் தண்ணீர்மேல் ஓடித் தீவில் கேட்கும். கூப்பிடக் குரல் இல்லாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும்?

எப்போது தட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. முகத்துவாரத்தில், வடிகிற தண்ணீரில் வலை கட்டுவார்கள். அது ஏறத் தொடங்கியதும் அதோடு கூடவே படகைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். அந்தத் தண்ணீர் தினமும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளித் தள்ளிப் போகும். வலை கட்டும் இடமும் ஒரே ஊருக்குச் சொந்தமில்லை, ஊர் மாற்றி ஊர் முறை வைத்து இறங்குவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பக்கத்து ஊரின் பாடு என்றால் படகு நேரே கொட்டகைக்கு வரும். தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் தங்கள் ஊரில் மீனை இறக்கிவிட்டு, பிறகுதான் இறாலோடு இங்கே வருவார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்து, தூரத்தில் படகின் பாய் தெரிந்ததும் நான் தட்டுவேன்.

கொட்டகைக்குள் முதலில் வந்தது காலண்டர். காவல்கார அண்ணன் விடியற்காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்துவிடுவார். ஒரு நாள் முதலாளி பாயின் மருமகன், பழைய தாள் தொங்குகிறது என்று நினைத்து இன்னொன்றையும் கிழித்துவிட்டார். அதனால் அந்த வாரம் வியாழக்கிழமையன்று சுவரில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெள்ளி கொட்டகைக்கு விடுமுறை. விடியும்முன் எழுந்து தாளைக் கிழித்த காவல்காரர் சுவரைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். வெளியே தோணி நிறையப் பெண்கள். முதலாளி பாய் வந்து கதவைத் தட்டினார்.

"இன்னாடா, சாத்திக்கினு கீற?"

"இன்னிக்கி வெள்ளிதானே பாய்?"

"அப்போ நான் இன்னா, தொழுகைக்குப் போவாம உங்கிட்ட சலாம் சொல்லவா வந்து நிக்கிறேன்?"

அன்றிலிருந்து ஒரே ஒரு ஆள்தான் தாள் கிழிக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்த ஆள் நான். இன்று உங்களில் ஒருவர். இரண்டு பேர் கிழிக்காதீர்கள். இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து வந்தது கடியாரம். கடியாரத்தோடு ஒரு மேனேஜரும் வந்தார். மதராசிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான். ஐஸை இடித்து இறாலுக்குக் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை வைப்பது அவர் சொல்லித்தந்ததுதான். ஆனால் அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. லாரி பகல் இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும், இல்லையென்றால் மதராசில் அன்று பெட்டியை இறக்க ஆள் இருக்காது. அதனால் வந்த இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்.

"எட்டு மணிக்கு மணி அடி. எட்டே காலுக்குக் கேட்டை மூடு. டைம்னா டைம்."

பெண்கள் முணுமுணுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அன்று தோணியில் திரும்பும்போது தனம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தூரத்து உறவில் முறைப்பெண். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து குடும்பம் அவள் கையில்தான் இருந்தது.

"கடியாரம் வந்தது நல்லதாப் போச்சி மாமா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "எப்படி?" என்று கேட்டேன்.

"நீ எப்போ தட்டுவேன்னு யாருக்குத் தெரியும்? உலை வச்சா பாதியில தட்டுவ. வைக்காம காத்துக்கினு இருந்தா மத்தியானம் வரைக்கும் தட்ட மாட்ட. நைனாவுக்குக் கஞ்சி ஊத்தறதுக்குள்ள டங்குன்னு ஒண்ணு விடுவ. இப்போ எட்டுன்னா எட்டு. வேலைய முடிச்சிட்டு நிம்மதியா வரலாம்."

மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இத்தனை நாள் சரியான நேரத்துக்குத் தட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அது இறாலுக்குத்தான் சரியான நேரம், கேட்கிறவர்களுக்கு இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. தம்பிகளே, இதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நேரம் குறிக்கிறவன் பொருளை மட்டும் பார்த்தால் போதாது, அந்த நேரத்தை நம்பி வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்களையும் பார்க்க வேண்டும்.

கடியாரம் சில நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு தண்ணீர் நகர்ந்தது. காலை எட்டு மணிக்கு ஏரி வற்றிக் கிடந்தது. தோணி பாதி வழியில் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. பெண்கள் முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கேட்டை மூடியாயிற்று. அதிலும் வேடிக்கை, உள்ளே இறாலும் இல்லை. படகுகளும் அதே தண்ணீருக்காக வெளியே காத்திருந்தன. வெறும் மேடைக்குத்தான் மேனேஜர் காவல் நின்றார். மறுநாளும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு நாளில் தண்ணீர் சுற்றிக்கொண்டு அதிகாலைக்கு வந்தது; படகுகள் ஆறு மணிக்கே வந்துவிட, மேடையில் ஆள் இல்லாமல் இரண்டு கூடை இறால் கறுத்துப் போயிற்று.

மேனேஜர் கேட்டுக்கு வெளியே வந்து, எட்டு மணிக்கு வந்து நின்ற பெண்களிடம் சொன்னார்:

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா. ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல டவுன்லயே ஆள் எடுத்துக்கறேன். அவங்களுக்குத் தோணி வேணாம், நடந்தே வந்துடுவாங்க."

 இந்த வேலைக்கு முன் அந்தப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறிப் பொன்னேரிவரை போய் விற்றவர்கள். மீன் நாற்றம் என்று கண்டக்டர் இறக்கிவிட்டால் வெயிலில் நடந்தவர்கள்.

திரும்பும் தோணியில் தனம் என்னைப் பார்த்து வெடித்தாள்.

"நீ இன்னா மாமா, வாயில இன்னா வச்சிக்கினு கீற? உனக்குத் தண்ணி எப்போ வரும்னு தெரியும். அந்த ஆளுக்குத் தெரியாது. சொல்லக் கூடாதா? எங்க நைனா படுத்து ரெண்டு வருசம் ஆவுது. எனக்கு இந்த வேல போனா வீட்ல இன்னா வைக்கிறது, ஏரித் தண்ணியா?"

எனக்கு மூன்று நாளாக ஒரு யோசனை இருந்தது. மனசுக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்தாயிற்று. அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன்.

"நாளைக்குப் படகு எப்போ வரும்னு இன்னிக்கே தெரியும். சாயங்காலமே தட்டிடறேன். எத்தினி தட்டறேனோ, நாளைக்கு அத்தினி மணிக்கு வாங்க."

 தனம் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களாடி? இந்த ஊமை இத்தினி நாளா இத்த உள்ள வச்சிக்கினு இருந்திருக்குது" என்றாள்.

அவர்களிடம் கடியாரம் இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். தீவில் டீக்கடை ரேடியோ இருந்தது, பழவேற்காட்டுப் பள்ளிவாசல் பாங்கு தண்ணீரைத் தாண்டிக் கேட்கும், வெயில் இருந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாத பெண் யாரும் அங்கே இல்லை. நாளைக்கு எது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

அன்று இருட்டும் முன்பு மறுபடி கொட்டகைக்குப் போய் ஏழு தட்டினேன். தனம் பெண்களிடம் சொல்லியிருந்தாள், ஆண்களிடம் சொல்ல மறந்துவிட்டாள். வேளை கெட்ட வேளையில் மணி கேட்டதும் நெருப்பு என்று நினைத்து ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்துவிட்டார்கள். படுக்கையிலிருந்த தனத்தின் அப்பா, "எங்கடி நெருப்பு, எங்கடி?" என்று கத்தினாராம். "நெருப்பும் இல்ல, புகையும் இல்ல நைனா. நாளைக்கு ஏழு மணி வேலை, நீ தூங்கு" என்றாளாம் இவள்.

காலையில் ஏழுக்குப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி முடிக்கும்போது முதல் படகு கரைக்கு வந்தது. மேனேஜர் எட்டு மணிக்கு வந்து பார்த்தார். பாதிப் பெட்டிகள் நிறைந்திருந்தன. அவருக்கு மகிழ்ச்சியில்லை. கேட்காமல் செய்துவிட்டேன் என்ற வருத்தம், அது நியாயம்தான். நேரே முதலாளி பாயிடம் கூட்டிக்கொண்டு போனார்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இன்னாபா, சாயங்காலம் எவன் கலியாணத்துக்கு மேளம் தட்டுன?"

நான் ஏரியைக் காட்டினேன். பிறகு தண்டவாளம் இருந்த பக்கம் காட்டினேன். அதற்கு மேல் வரவில்லை. பின்னாலேயே வந்த தனம் எல்லாவற்றையும் சொன்னாள். பாய் சிரித்துவிட்டார்.

"இவன் வாயி அந்தத் தண்டவாளத்துலதான் கீது போல."

மேனேஜர் விடவில்லை. "தினம் ஒரு நேரம்னா எப்படி பாய்? லாரிக்காரனுக்கு நான் என்ன சொல்றது?"

"முந்தின நாளே தெரியுதில்ல, முந்தின நாளே சொல்லு. பகல்ல தண்ணி ரொம்ப தள்ளிப்போச்சின்னா மட்டும் வண்டிய சாயங்காலம் வுடு, மதராசுக்கு நான் பேசிக்கறேன். மத்த நாள்ல ரெண்டு மணின்னா ரெண்டு மணிதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு வாரம் பாப்போம். ஒரு நாள் வண்டி தவறிச்சின்னாலும் மேனேஜர் சொல்றதுதான். டவுன் ஆளு, எட்டு மணி. இன்னா?"

தலையாட்டினேன். தனமும் தலையாட்டினாள். அவள் ஆட்டியது எனக்கு வலித்தது. வண்டி தவறினால் எனக்குத் தண்டவாளம் இருக்கும், அவளுக்கு ஒன்றும் இருக்காது.

நான்கு நாள் சரியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் சாயங்காலம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், தட்ட வரவில்லை. மறுநாள் தண்ணீர் பத்து மணிக்கு. கடற்காற்று எழும்பினால் பாய் விரித்துப் பத்துக்கே வந்துவிடுவார்கள். எழும்பாவிட்டால் கழி ஊன்றி வரப் பதினொன்று ஆகும். வானம் மூடிக் கிடந்தது. காற்று எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியவில்லை. காலண்டரில் திதி இருந்தது, கடியாரத்தில் மணி இருந்தது, இரண்டிலும் காற்று இல்லை.

அப்போது நான் யோசித்தது இதுதான். எது சரி என்று தெரியாதபோது, எது தப்பானால் தாங்கும் என்று பார். பதினொன்று தட்டி, படகு பத்துக்கு வந்தால் இறால் கறுக்கும். கறுத்த இறாலை யாராலும் வெளுக்க வைக்க முடியாது. பத்து தட்டி, படகு பதினொன்றுக்கு வந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள். மனிதர்களுக்குக் கை இருக்கிறது, யோசனை இருக்கிறது. பத்து தட்டினேன்.

காற்று எழும்பவில்லை. பத்தரை ஆயிற்று, ஏரியில் ஒரு படகுகூட இல்லை. பெண்கள் வெறும் மேடைமுன் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கடியாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினொன்றுக்குப் படகு வந்தால் வழக்கமான வேகத்தில் இரண்டு மணிக்குள் வேலை முடியாது. நான் கரையைவிட்டு நகரவில்லை. 

தனம் எழுந்தாள். "இன்னாடி, பொண்ணு பாக்க வந்த மாதிரி குந்திக்கினு கீறீங்க? எழுந்திரிங்கடி" என்றாள். ஐஸை முன்கூட்டியே இடிக்க வைத்தாள். கூடைகளைக் கழுவ வைத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் அடி வரிசை ஐஸைப் பரப்பி மேடைக்குப் பக்கத்தில் அடுக்க வைத்தாள். சாதாரண நாளில் இதெல்லாம் இறால் வந்தபிறகு, தலை கிள்ளுவதோடு சேர்த்து நடக்கும் வேலை. பதினொன்று கழித்துப் படகுகள் வந்தபோது கிள்ளுவதையும் நிரப்புவதையும் தவிர ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மணிக்கு லாரி கிளம்பியது. லாரிக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தாராம்.

மேனேஜர் தனத்திடம் போனார். "அந்த ஒரு மணி நேரம் வீணாப் போகுதுன்னு நினைச்சேம்மா."

"எறாதான் சார் சும்மா கெடந்தா கெட்டுப்பூடும். நாங்க கெட மாட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு டவுன் ஆள் பேச்சே வரவில்லை. அடுத்த வாரம் அவரே சாயங்காலம் தண்டவாளத்துக்கு வந்து, "நாளைக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு லாரிக்காரருக்குச் சொல்லி அனுப்புவார். படகு தாமதமானால் செய்ய முன்வேலை வைத்திருக்க வேண்டும் என்பதும் கொட்டகையின் வழக்கமாகிவிட்டது. நீங்கள் இன்று செய்கிற காலை ஐஸ் வேலை தனம் அன்று ஆரம்பித்ததுதான்.

இரண்டு வருஷம் கழித்து நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். யார் கேட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்காகக் காத்திருந்தால் இன்னும் தோணியில்தான் உட்கார்ந்திருப்போம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் தோணி ஏறினேன். வாட்சும் வேண்டும், காலண்டரும் வேண்டும், இரண்டுக்கும் மேலே தண்ணீரைப் பார்க்கிற கண் வேண்டும் என்று எழுதலாம் என்றிருந்தேன். மறுநாள் சாயங்காலம் அதை நீங்கள் மாற்றிவிட்டீர்கள்.

நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு என் மனசில் தானாக ஓடியது. தண்ணீரைப் பார்த்தால் ஏழு. பக்கத்து ஊரின் பாடு, நேரே வருவார்கள். ஏழுதான். உங்கள் மணி கேட்டது. எண்ணினேன். எட்டு.

துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இறால் கறுக்கப் போகிறதே என்று இருந்தது. உள்ளேயிருந்து தனம் கேட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஏழு தட்டணும். எட்டு தட்டறானுங்க."

"நீ வேலைய வுட்டது நேத்து. உக்காரு. அவங்க எதையோ பாத்துதான் தட்டியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, எட்டு மணிக் கணக்குக்கே மறுநாள் சமையலுக்கு எடுத்து வைத்தாள். நான் உட்கார்ந்தேன். சரியாகத் தூங்கவில்லை.

படகுகள் எட்டுக்கு வந்தன. கொட்டகையிலிருந்து திரும்பிய தனம்தான் காரணம் சொன்னாள். பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். அதனால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாட்டைத் தூரத்து ஊருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் இருவரும் மணி அடிப்பதற்கு முன் படகுத்துறைக்குப் போய், டீ குடித்துக்கொண்டே, "நாளைக்கு யாரு எறங்கறாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இத்தனை வருஷமும் நான் தண்ணீரைப் பார்த்தேன், மேகத்தைப் பார்த்தேன், காலண்டரையும் கடியாரத்தையும் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகவும் தட்டினேன். படகுத்துறை கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே போய் ஒருவரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். எனவே எந்த வாட்ச் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள், எந்தக் கடைக் காலண்டர் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த டீயை மட்டும் விடாதீர்கள்.

இன்று சாயங்காலம் எனக்கும் ஒரு ஆசை வந்தது. தோணி ஏறி அக்கரைக்குப் போய், துறையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் நின்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்கு யாரு பாடு?" என்று கேட்டேன்.

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னை நன்றாகத் தெரிந்தவர்தான்.

"டேய், இங்க வாங்கடா!" என்று பக்கத்துப் படகுக்காரர்களைக் கூப்பிட்டார். "தண்டவாளம் பேசுதுடா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் ஊரின் பேரைச் சொன்னார். மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே தோணி ஏறினேன். பாதி ஏரியில் இருக்கும்போது உங்கள் மணி கேட்டது. ஒன்பது. எனக்கும் ஒன்பதுதான் வந்திருந்தது.